எனக்கு ஃப்ளூ, என் பிள்ளையை எப்போது தூக்கலாம், டாக்டர்?

பிரசவமாகி 11 நாளான ஒரு தாயின் கடிதம் இது. அவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

"முதல் குழந்தை, சுகப்பிரசவம். பிறந்தபோது எடை 2.9 கிலோ. முதல் வாரம் தாய்ப்பால் மட்டும்தான், நன்றாகக் குடித்தாள். 8ஆம் நாள் காலையில் எனக்குக் குளிரோடு காய்ச்சல், உடம்புவலி, வறட்டு இருமல். மறுநாள் பரிசோதனையில் இன்ஃப்ளூயன்சா ஏ என்று வந்தது. ஒசெல்டமிவிர் மாத்திரை 5 நாளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் வந்த அன்று மாலையே குழந்தையை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 'ரிப்போர்ட் நெகட்டிவ் வரும்வரை தொடாதே' என்கிறார்கள். மாமியாரும் கணவரும் மாற்றி மாற்றிப் பவுடர் பால் கொடுக்கிறார்கள். மாமியாருக்கு வயது 67, ஆஸ்துமா உண்டு. கணவருக்கு நேற்றிலிருந்து தொண்டைக் கரகரப்பு, மூக்கொழுகல். எனக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு வலிக்கிறது. பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் ஊற்றுகிறேன். பாலில் கிருமி இருக்கும், மாத்திரையும் இறங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். குழந்தைக்குப் போட ஒரு சின்ன மாஸ்க் வாங்கி வைத்திருக்கிறார்கள். இன்று காலையிலிருந்து எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் மட்டும் இருக்கிறது. காய்ச்சல் வருவதற்கு முந்தைய இரவு அவளைக் கொஞ்சி முத்தம் கொடுத்தேன், டாக்டர். நானே அவளுக்கு நோயைக் கொடுத்துவிட்டேனா? சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழும்போது இங்கே எனக்குப் பால் கசிகிறது. எப்போது தூக்கலாம்?"

காத்திருக்கக்கூடிய கேள்வி இல்லை என்பதால் கடிதம் வந்த அன்றே அவருக்குப் பதில் அனுப்பிவிட்டேன். வேறு தாய்மார்களுக்கும் உதவட்டும் என்று, அவர் சம்மதத்தோடு அந்தப் பதிலை இங்கே தருகிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

இன்றே தூக்குங்கள். மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க் போட்டுக்கொண்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு தூக்குங்கள். பாலை இனி ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம். அதற்கு முன் ஒரே ஒரு வேலை: வீட்டில் இன்ஃப்ளூயன்சா இருக்கிறது, குழந்தைக்கு 11 நாள் என்று குழந்தையின் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அவள் நன்றாக இருந்தாலும் சொல்லுங்கள். பிறகு நள்ளிரவில் ஏதாவது ஒன்றென்றால், அவர்கள் முதலிலிருந்து விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

முதலில் அந்த முத்தத்தைப் பேசிவிடுவோம். மற்ற கேள்விகளையெல்லாம் விட அதுதான் உங்களை அரிக்கிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. இன்ஃப்ளூயன்சா வந்தவர்கள், அறிகுறி தொடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பே கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த இரவில் உங்களுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. தெரிந்துகொள்ள எந்த வழியும் இருக்கவில்லை. அன்று முத்தம் கொடுக்காமல் இருந்திருந்தாலும் மடியில் வைத்துப் பால் கொடுத்திருப்பீர்கள், அதே காற்றைத்தான் இருவரும் சுவாசித்திருப்பீர்கள். நடந்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதிலிருந்து தெரியும் ஒரு விஷயம் முக்கியமானது. உங்களைப் பிரித்து வைத்தபோதே குழந்தை கிருமியின் பக்கத்தில் போய் வந்துவிட்டாள். ஆகவே அடுத்த அறையில் இருப்பதாலேயே அவள் பத்திரமாக இருக்கிறாள் என்று யாரும் நிம்மதியாகிவிடக் கூடாது. எந்த அறையில் இருந்தாலும் அவளைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பாலும் மூச்சும்

இன்ஃப்ளூயன்சா பரவுவது இருமல், தும்மல், பேச்சில் தெறிக்கும் நீர்த்துளிகளால். அந்தத் துளி பட்ட கையாலும். தாய்ப்பால் வழியாக அது குழந்தைக்குப் பரவுவதாக அறியப்படவில்லை. உங்கள் உடல் இந்தக் கிருமியோடு போராடி உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் பாலில் இறங்குகின்றன. குழந்தையின் மூக்கு, தொண்டை, குடலின் உட்பரப்பில் அவை படிந்து காவல் நிற்கும். பவுடர் பாலில் அது கிடையாது. 6 மாதம் ஆகும்வரை குழந்தைக்கு இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியும் போட முடியாது. இந்த வயதில் அவளுக்குக் கிடைக்கக்கூடிய ஒரு பாதுகாப்பைத்தான் மூன்று நாளாக வாஷ்பேசினில் ஊற்றியிருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. சொன்னதை நம்பிச் செய்தீர்கள், அவ்வளவுதான்.

மாத்திரையைப் பற்றி: ஒசெல்டமிவிர் பாலில் இறங்குவது உண்மை. இறங்கும் அளவு மிகச் சொற்பம். இன்ஃப்ளூயன்சா வந்த சிறு குழந்தைக்கே இதே மருந்தை நேரடியாகக் கொடுக்கிறோம், அந்த அளவின் பக்கத்தில்கூட இது வராது. 5 நாளும் முழுமையாகச் சாப்பிடுங்கள். குழந்தை பெற்று 2 வாரத்துக்குள் இன்ஃப்ளூயன்சா வந்தால் தாய்க்கே நிமோனியா போன்ற சிக்கல்கள் வரும் அபாயம் அதிகம். மாத்திரை உங்களுக்காகவும்தான். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறினாலோ தாமதிக்காமல் போய்க் காட்டுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எடுக்கலாம். இருமல், சளிக்கு மட்டும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள். கோடீன் உள்ள இருமல் மருந்து பால் கொடுக்கும் தாய்க்கு ஆகாது. சிலருடைய உடல் அதை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். அது பால் வழியே போய்க் குழந்தையின் மூச்சை அடக்கிவிடலாம். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் மாத்திரை பால் சுரப்பைக் குறைக்கும். தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரையும் வேண்டாம். அரைத்தூக்கத்தில் குழந்தையை மடியில் வைத்திருப்பதைவிட ஆபத்து வேறில்லை.

பிரித்து வைப்பது பற்றி

உங்கள் வீட்டார் செய்ததில் அன்பு இருக்கிறது. ஒரு காலத்தில் மருத்துவர்களாகிய நாங்களே இதைத்தான் சொன்னோம். 2020இல் கோவிட் வந்தபோது, ஏப்ரல் மாதம் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் தொற்றுள்ள தாயையும் பிறந்த குழந்தையையும் தற்காலிகமாகப் பிரித்து வைக்கச் சொன்னது. அனுபவம் சேர்ந்ததும் ஜூலையிலேயே அதைத் திருத்தி, தகுந்த தடுப்புகளோடு ஒரே அறையில் இருக்கலாம் என்றது. உலக சுகாதார நிறுவனம் சேர்ந்தே இருக்கட்டும், பால் கொடுக்கட்டும் என்று சொல்லியிருந்தது. நான் வேலை பார்த்த பிரசவப் பிரிவிலும் அந்த மாதங்களில் பிரித்து வைத்தோம். வாரம் கழித்து நெகட்டிவ் ரிப்போர்ட்டோடு குழந்தையைக் கையில் கொடுத்தபோது, பால் வற்றிப்போய், குழந்தையை எப்படிப் பிடிப்பது என்றே தடுமாறிய தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு இன்னும் பெரிய நஷ்டம். தாயின் நெஞ்சோடு சேர்த்து வைக்கும் கங்காரு முறையால் கிடைக்கும் உயிர்ப் பாதுகாப்பு, கோவிட்டால் அவர்களுக்கு வரக்கூடிய மரண அபாயத்தைவிட 65 மடங்குக்கும் மேல் என்று 2021இல் கணக்கிட்டார்கள்.

இன்ஃப்ளூயன்சா வேறு கிருமி, அதற்கான எச்சரிக்கையும் கொஞ்சம் வேறு. பிரசவத்துக்கு மருத்துவமனையில் இருக்கும்போதே தாய்க்குக் காய்ச்சல் என்றால், சில நாள் தனியறையில் வைப்பதை ஒரு வழியாகச் சொல்லும் வழிகாட்டுதல்கள் உண்டு. அவையும் பாலை நிறுத்தச் சொல்லவில்லை; பீய்ச்சி, நோயில்லாத ஒருவர் கையால் கொடுக்கச் சொல்கின்றன. "நோயில்லாத ஒருவர்" என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வீட்டில் அந்த ஒருவர் யார்?

உங்கள் கணவருக்கு நேற்றிலிருந்து தொண்டை கரகரக்கிறது. பெரும்பாலும் இதே கிருமிதான்; இன்னும் பரிசோதிக்கவில்லை, மருந்து தொடங்கவில்லை, மாஸ்க் போட்டிருப்பதாகவும் நீங்கள் எழுதவில்லை. இன்ஃப்ளூயன்சா அதிகம் பரவுவது அறிகுறி தொடங்கிய முதல் 3, 4 நாட்களில். உங்களுக்கு அந்தக் கட்டம் முடியப்போகிறது, அவருக்கு இப்போதுதான் தொடங்குகிறது. மருந்து எடுத்துக்கொண்டு காய்ச்சல் இறங்கிய உங்களிடமிருந்து குழந்தையை வாங்கி அவர் மடியில் வைத்திருக்கிறார்கள். மாமியாரோ 67 வயது, ஆஸ்துமாக்காரர்; இந்த வீட்டில் குழந்தைக்கு அடுத்தபடியாக மிகவும் பாதுகாக்கப்பட வேண்டியவர் அவர்தான். கணவர் இன்றே மருத்துவரைப் பார்க்கட்டும், ஒசெல்டமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். அதுவரை அவர் குழந்தை இருக்கும் அறைக்கு வர வேண்டாம். மாமியாருக்கு முன்தடுப்பாக மருந்து தேவையா என்றும் கேளுங்கள்.

இப்போது உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. நெகட்டிவ் வரும்வரை காத்திருப்பது முதல் வழி. அதை நான் ஏற்கவே மாட்டேன். நோய் குணமான பின்னும் பரிசோதனை பாசிட்டிவ் காட்டலாம், எத்தனை நாள் என்று சொல்ல முடியாது, அதற்குள் பால் வற்றிவிடும். ஒன்றிரண்டு நாள் தள்ளி இருந்து பீய்ச்சிய பாலை மாமியார் மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுப்பது இரண்டாவது வழி. எழுந்து உட்கார முடியாதபடி நீங்கள் துவண்டிருந்தாலோ, குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, இருதயக் கோளாறு இருந்தாலோ நானே அதைச் சொல்லியிருப்பேன். உங்கள் குழந்தை நிறைமாதம், நல்ல எடை. உங்களுக்கும் காய்ச்சல் விட்டிருக்கிறது. மூன்றாவது வழியாகிய மாஸ்க்கோடு சேர்ந்திருப்பதுதான் உங்களுக்கு ஏற்றது. இதில் அபாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மற்ற இரண்டிலும் இருக்கும் அபாயத்தைவிடக் குறைவு, நன்மை மிக அதிகம்.

மருத்துவமனையில் யாராவது மறுபடியும் பிரித்து வைக்கச் சொன்னால், "எதற்காக, எத்தனை நாள், அதுவரை என் பாலைக் கொடுக்க ஏற்பாடு என்ன?" என்று கேளுங்கள். காரணம் கேட்பதும், கேட்டபின் முடிவில் பங்கெடுப்பதும் தாயின் உரிமை. நல்ல மருத்துவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது

குழந்தையைத் தொடும் முன் 20 விநாடி சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பில் கரைந்துவிடும். மாஸ்க் ஈரமானால் மாற்றுங்கள். பேசுவதற்காகத் தாடைக்கு இறக்காதீர்கள். மார்பை ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டாம், சானிடைசர் தேய்க்கவே கூடாது, காம்பு வெடித்துவிடும். மாஸ்க் இல்லாமல் மார்பின் மேல் இருமியிருந்தால் மட்டும் சோப்புத் தண்ணீரால் கழுவினால் போதும். பால் குடித்து முடித்ததும் குழந்தையைத் தன் தொட்டிலில், உங்கள் படுக்கையிலிருந்து 2 மீட்டர் தள்ளி, மல்லாந்து படுக்க வையுங்கள். நீங்கள் தூங்கும்போது மாஸ்க் விலகும் என்பதால்தான் இந்தத் தூரம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தைக்குக் குளிரும் என்று மூடிய அறையில் கிருமிதான் தேங்கும். அவளுக்கு ஒரு துணி கூடுதலாகப் போர்த்திக்கொள்ளலாம். அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 7 நாள், அதற்கு மேலும் இருமல் இருந்தால் அது அடங்கும்வரை, இந்த ஒழுங்கு தொடரட்டும்.

அந்தச் சின்ன மாஸ்க்கைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடுங்கள். 2 வயதுக்குக் கீழ் எந்தக் குழந்தைக்கும் மாஸ்க் கூடாது. பிறந்த குழந்தை பெரும்பாலும் மூக்கால் மட்டுமே மூச்சு விடும். மூச்சு முட்டினால் விலக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது.

பாலை மீட்பது

மூன்று நாள்தான் ஆகிறது, நீங்களும் பீய்ச்சிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். அவள் அழுதால் கசிகிறது என்கிறீர்கள். அதைவிட நல்ல செய்தி எனக்கு வேண்டாம், சுரப்பு அப்படியே இருக்கிறது. கல்லாக இருக்கும் மார்பில் குழந்தையால் வாய் பிடிக்க முடியாது. முதலில் கையால் கொஞ்சம் பீய்ச்சிக் காம்பைச் சுற்றியுள்ள கருமையான பகுதியை இளக்குங்கள், பிறகு வாயில் கொடுங்கள். குடித்து முடித்தபின் குளிர்ந்த துணி வைத்தால் வீக்கம் வடியும். ஒரு பக்கம் சிவந்து, சூடாகி, மறுபடி காய்ச்சல் வந்தால் அது ஃப்ளூ இல்லாமல் மார்பு அழற்சியாகவும் இருக்கலாம். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

புட்டிக்குப் பழகிய வாய் முதலில் முரண்டு பிடிக்கும். பசியில் அலறும்வரை விடாமல், விழித்து உதடு சப்பத் தொடங்கும்போதே எடுங்கள். துணியில்லாமல் நெஞ்சோடு சேர்த்து வைத்திருங்கள், மாஸ்க் மட்டும் இருக்கட்டும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை. பவுடர் பாலை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பால் ஏற ஏற அதைக் குறையுங்கள். கொடுக்கும்வரை, குறைந்தது 70 டிகிரி செல்சியஸ் சூடான நீரில் கலந்து, ஆறவைத்து உடனே கொடுங்கள். பவுடர் கிருமிநீக்கம் செய்யப்பட்ட பொருள் இல்லை. பீய்ச்சிய தாய்ப்பாலைக் கொதிக்க வைக்க வேண்டாம். அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாளும் தாங்கும். நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் போகிறதா என்று எண்ணுங்கள். 14ஆம் நாளுக்குள் பிறந்த எடையைத் தொட்டுவிட வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரையும் படிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு வருவதுபோல இருமலும் தும்மலுமாக வரும் என்று காத்திருக்கக் கூடாது. பிறந்த குழந்தைக்குச் சில சமயம் முதல் அறிகுறியே பால் குடிக்க மறுப்பதுதான். சில குழந்தைகள் இருமாமலேயே மூச்சை நிறுத்திவிடும்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்பது இந்த வயதில் கூடாது; காய்ச்சல் மறையும், காரணம் வளரும். உடம்பு சில்லிட்டு 35.5 டிகிரிக்குக் கீழே போவதும் அதே அளவு ஆபத்து. தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பிறந்த குழந்தை வேகமாக விட்டு, 5 முதல் 10 விநாடி நிறுத்தி, மறுபடி விடுவது இயல்பு. அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் கணக்குத் தவறும். நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் போய், மறுபடி எண்ணும்போதும் அப்படியே இருந்தால், விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு குழிந்தால், முனகினால், 20 விநாடி மூச்சு நின்றால், உதடு நீலமானால், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால் உடனே கிளம்புங்கள்.

வெறும் மூக்கடைப்பு என்றால், பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு துளையிலும் ஓரிரு சொட்டு சலைன் போதும். இருமல் சிரப், கற்பூரம், மென்தால் கலந்த தைலம், ஆவி எதுவும் குழந்தையிடம் வரக் கூடாது. 'முன்னெச்சரிக்கையாக அவளுக்கும் ஒசெல்டமிவிர்' என்று யாராவது சொன்னால், 3 மாதத்துக்குக் கீழ் நோயில்லாத குழந்தைக்கு அதை வழக்கமாகக் கொடுப்பதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அறிகுறி வந்தால் மருத்துவர் உடனே தொடங்குவார்.

வேறு நோயாக இருந்திருந்தால்

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். தாய்க்கு 2 வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம். காசநோயிலும் கிருமி வருவது மூச்சில்தான்; மார்பிலேயே காசநோய்க் கட்டி இருந்தால் தவிர, பால் கொடுக்கலாம். மருந்து 2 வாரமாவது உடலில் போகும்வரை மாஸ்க்கும் கவனமும் கூடுதலாக வேண்டும். குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதி செய்தபின் ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்தை முன்தடுப்பாகத் தருவார்கள், அது முடிந்த பிறகுதான் பிசிஜி தடுப்பூசி. மருந்துக்குக் கட்டுப்படாத வகைக் காசநோய் என்றால் கணக்கே வேறு, அங்கே பிரித்து வைக்க நல்ல காரணம் இருக்கலாம். கக்குவான் இருமல் என்றால், குழந்தை நன்றாக இருந்தாலும் அதற்கும் வீட்டாருக்கும் ஆன்டிபயாடிக் முன்கூட்டியே வேண்டும். "வெறும் சளிதானே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பெரியவர்களுக்கு மூக்கொழுகலோடு போய்விடும் ஆர்.எஸ்.வி. கிருமி, சிறு குழந்தையின் நுரையீரலில் இறங்கி ஆக்சிஜன் வைக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். பரிசோதனை செய்யாத சளிக்கும் மாஸ்க் போடுங்கள்.

குணமானதும் நீங்களும் கணவரும் மாமியாரும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கிருமியில் பல வகைகள் உண்டு, ஒருமுறை வந்ததால் மற்றது வராது என்றில்லை. பால் கொடுக்கும் தாய் தாராளமாகப் போடலாம்.

இன்று முதல் வேளை பால் கொடுக்கும்போது மாமியாரை மாஸ்க்கோடு வாசற்படியில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் பயம் நியாயமானது. குழந்தை வாய் பிடித்து விழுங்குவதைப் பார்த்தால் பாதி தீரும். நாளை மறுநாள் எடை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.